சாமிக்கு எடுத்த பதினைந்து கதிர்

மீசாலைக்கும் கொடிகாமத்துக்கும் இடையில் ரயில் பாதையைக் கடந்து போகும் மண் ஒழுங்கை ஒன்றுக்குச் சுபாஸ்கரன்தான் காவல். தகரக் கொட்டில் ஒன்று, பிளாஸ்டிக் கதிரை ஒன்று, குறுக்கே இறக்கிவிடும் கேற்றுத் தடி ஒன்று, பச்சையும் சிவப்புமாய் இரண்டு கொடி. அவ்வளவுதான் அவனுடைய கந்தோர், அலுவலகம் எல்லாம். ‘கேற்றடிச் சுபாஸ்’ என்றால் சாவகச்சேரி வரைக்கும் ஆளைத் தெரியும். நாற்பத்தொரு வயது, நெடுவல், வாய் ஓயாத மனிதன். தடியை இறக்கிவிட்டு நிற்கிற மூன்று நிமிடத்துக்குள் அகப்பட்ட மோட்டார் சைக்கிள்காரனுக்கு நெல்லைப் பற்றி ஒரு பிரசங்கமே வைத்துவிடுவான். ரயில் போனதும் அந்த ஆள் தப்பினேன் பிழைத்தேன் என்று பறப்பான்.

நெல்லைப் பற்றிக் கதைக்க அவனுக்கு உரிமை இருந்தது. கொட்டில் வாசலில் நின்றால் அவனுடைய வயல் தெரியும். பாதையின் கல்மேட்டுக்குக் கீழே, நாலு பரப்பு. ஊரில் அதற்குப் பெயர் குனியாத்துண்டு. அந்தப் பெயரை யாரும் சிரித்துக்கொண்டு சொன்னதில்லை.

நெல் பால் பிடித்து முற்றினால் பாரத்தில் கதிர் தலை குனியும். உலகம் எங்கும் அப்படித்தான். இந்த நாலு பரப்பில் மட்டும் ஒருகாலத்தில் கதிர் குனியவில்லை. தை மாதத்தில் சுற்றியுள்ள வயலெல்லாம் மஞ்சளாய்ச் சரிந்து கிடக்க, இதில் மட்டும் கதிர்கள் விறைத்து நின்று பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும். கையில் எடுத்து உருவினால் வெறும் சப்பி, உள்ளே அரிசி இல்லை. காற்றடித்தால் நெல்லின் சலசலப்பு வராது. உலர்ந்த தாளைக் கசக்குவது போல ஒரு சத்தம் வரும். முன்னொருகால் அந்த இடத்தில் ரயிலில் அடிபட்டுச் செத்தவள் ஒருத்தி யாரையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்று பெண்கள் சொன்னார்கள். மாட்டுக்காரர் மாட்டை அந்த வரம்போடு விடுவதில்லை.

சுபாஸ்கரனுக்குத் தெரிந்த கதை வேறு. அவனுடைய தகப்பன் முருகேசு பாதை வேலைக்காரன். சிலிப்பர்க் கட்டை மாற்றுவது, கல் இறுக்குவது, பாதையில் முளைக்கிற புல்லை அழிப்பது. தொண்ணூறாம் ஆண்டு போரில் ரயில் நின்றுபோனது. சிலிப்பர்க் கட்டைகளைப் பங்கருக்கென்று சனம் பிடுங்கிக்கொண்டு போனபோது, யாரோ ஓர் ஒப்பந்தக்காரன் பாதையோரக் கொட்டிலில் விட்டுப்போன ஏழு இரும்புப் பீப்பாய்கள் முருகேசுவின் கண்ணில் பட்டன. உள்ளே பழைய புல்லு மருந்து. அந்த நாளில் வெறும் பீப்பாய் கிடைப்பது பெரிய காரியம். முருகேசு மருந்தை வயலின் வாய்க்காலில் கவிழ்த்து ஊற்றினார். ஊற்றியதோடு, கோரைப்புல்லுத் தொல்லை விட்டது என்று மனதுக்குள் சந்தோஷமும் பட்டார். நெல்லும் ஒரு புல்லுத்தான் என்று அந்த மனிதருக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த போகத்தில்தான் கதிர்கள் நிமிர்ந்தன. வேறொருவர் என்றால் வயலை விட்டுவிடுவார். முருகேசு விடுகிற சாதி இல்லை. விறைத்து நின்ற ஆயிரமாயிரம் கதிருக்குள் இறங்கி, வளைந்த கதிர் ஏதும் உண்டா என்று தேடினார். ஏழோ எட்டோ கிடைத்தன. அவற்றை மட்டும் விதைக்கு வைத்தார். மறுவருடம் குனிந்தவை ஒரு கடகம். அதற்கு அடுத்த வருடம் ஒரு சாக்கு. “இந்த மண்ணிலை குனிஞ்ச நெல்லு எந்த மண்ணிலையும் குனியும்” என்பார். வீட்டுக்குச் சமைக்கிற நெல் குனியாத்துண்டு நெல்தான் என்பதிலும் பிடிவாதம். கெட்டியான நெல், உடம்புக்கு உறுதி என்று ஒரு கணக்கு.

இரண்டாயிரமாம் ஆண்டு தென்மராட்சியே இடம்பெயர்ந்தது. முருகேசு தலையணை உறைக்குள் விதைநெல்லைக் கட்டிக்கொண்டு வடமராட்சிக்கு ஓடினார். சுபாஸ்கரனின் தாய் அந்த ஓட்டத்தில் காய்ச்சல் கண்டு, திரும்பி வரவேயில்லை. இரண்டு வருடம் கழித்துத் தகப்பனும் மகனும் ஊருக்கு வந்தபோது, தென்னைகள் தலையில்லாமல் நின்றன, வீட்டுக்குள் எருக்கலை முளைத்திருந்தது, வயல்வெளி முழுக்க ஆளுயரப் பற்றை. குனியாத்துண்டில் மட்டும் ஒரு புல்லும் இல்லை. அங்கே நெல் நின்றது. யாரும் உழவில்லை, யாரும் விதைக்கவில்லை. தானாய் விழுந்து, தானாய் முளைத்து, நாலு பரப்பும் நிறைந்து, அத்தனை கதிரும் தலை குனிந்து நின்றன. முருகேசு வரம்பில் இருந்து அழுதார். பக்கத்தில் நின்ற சுபாஸ்கரனுக்கு அழுகை வரவில்லை, உடம்பு கூசியது. ஆளில்லாத ஊரில் இவை யாருக்காக விளைந்தன என்று அன்றைக்கு ஓர் எண்ணம் வந்தது. அதை அவன் யாருக்கும் சொன்னதில்லை.

பிறகு முருகேசுவின் கைகள் மாறத் தொடங்கின. உள்ளங்கையில் சின்னச் சின்ன ஆணிகள். புறங்கையிலும் நெஞ்சிலும், புழுதியில் முதல் மழைத்துளி விழுந்த மாதிரிப் புள்ளிகள். வயல் வேலை செய்கிற கை அப்படித்தான் இருக்கும் என்றார்கள். பிறகு மூத்திரப்பையில் புற்று என்றார்கள். அறுபத்தொரு வயதில் போனார். கடைசிக் காலத்தில் தன் உள்ளங்கையை மகனுக்கு விரித்துக் காட்டி, “நெல்லு முளைக்குதடா” என்று சிரித்தார். சுபாஸ்கரனும் அப்போது சிரித்தான். அந்தச் சிரிப்பை நினைத்து இப்போது அவன் படுகிற பாடு கொஞ்சமல்ல.

தகப்பனும் மகனும் ஒரே பானைச் சோறு தின்றவர்கள். மகனுடைய கையில் ஒரு புள்ளி இல்லை.

கலியாணம் முடித்துப் பதினொரு வருடம் பிள்ளை இல்லை. இரண்டு தடவை உதயகலாவின் வயிற்றில் தரித்து நிலைக்காமல் போனது. மூன்றாவதாய்த் தங்கி வந்தவள்தான் மிதுசிகா. அவளுக்குத் தைப்பூசத்தன்று ஏழாம் மாதம் நடக்கும். பெண்பிள்ளைக்கு ஒற்றை மாதத்தில் சோறு தீத்துவது, முதல் சோறு ஊட்டுவது, வழக்கம். தைப்பூசத்தன்றே வீட்டில் புதிர்: புதுக்கதிரைச் சாமிக்குப் படைத்து, புதுநெல்லில் சோறு ஆக்குவது. இரண்டும் ஒரே நாளில் பொருந்தி வந்ததைச் சுபாஸ்கரன் கேற்றடியில் நின்ற எல்லோருக்கும் சொன்னான். “அப்பாவின்ரை நெல்லுத்தான் என்ரை பிள்ளையின்ரை முதல் சோறு” என்பான். ரயில் சாரதிக்கு மட்டும்தான் சொல்லவில்லை, அதுவும் ரயில் நிற்காதபடியால்.

மார்கழிக் கடைசியில் தர்சிகா வந்தாள். பல்கலைக்கழகத்தில் நெற்பயிரின் பரம்பரைக் குணங்களைப் படிக்கிற பெண். பாதையோரம் புல்லே இல்லாமல் நெல் மட்டும் நிற்பதைக் கண்டு ஸ்கூட்டியை நிறுத்தினாளாம். மண் எடுத்தாள். நாலு பரப்பையும் நடந்து பார்த்து, ஆகத் திறமான பதினைந்து செடிகளில் செடிக்கு ஒரு சின்னக் கதிரை ஆய்வுக்குக் கிள்ளி எடுத்து, பெரிய கதிரில் இலக்கம் எழுதிய மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு கட்டினாள்.

“அண்ணை, நான் சொல்லுமட்டும் இந்தப் பதினைஞ்சையும் வெட்டிப் போடாதையுங்கோ.”

“நான் ஏன் தங்கச்சி வெட்டுறன்?”

“வீட்டிலை இந்தச் சோறு சாப்பிடுற ஆக்களின்ரை வாய்க்குள்ளை பஞ்சுக்குச்சியாலை தடவி எடுத்தாலும் எங்களுக்கு உதவி. கொரோனாவுக்கு எடுத்தமே, அது மாதிரி. உங்களுக்குச் சம்மதம் எண்டால் மட்டும்.”

“எங்களுக்கென்ன நோய் வருத்தமே? நெல்லைப் பாருங்கோ, போதும்” என்று சுபாஸ்கரன் தட்டிக்கழித்தான்.

தைப்பூசத்துக்கு ஐந்து நாள் முன்னதாக மழை இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் காலை, ஊரார் சுனாமி என்று சொல்லுகிற அறுவடை மெசின் அந்தப் பக்கம் வருவதாய் அறிவித்தார்கள். மெசின் இறங்க முன்னம் புதிருக்குக் கதிர் எடுக்க வேண்டும். சுபாஸ்கரன் தலைக்கு முழுகி, வெறும் மேலோடு வயலில் இறங்கி, கிழக்கே பார்த்துக் கும்பிட்டான். சாமிக்கு எடுப்பது என்றால் வயலிலேயே திறமான கதிராய் இருக்க வேண்டும். திறமானவை எவை என்று படித்த பிள்ளையே மஞ்சள் துண்டு கட்டிக் காட்டித் தந்திருக்கிறாள். அவனுக்கு அது வசதியாய்ப் போயிற்று. வெட்டாதே என்று அவள் சொன்னது நினைவில் இருந்தது. ஆனால் சாமிக்கு எடுப்பது வெட்டுவதற்குள் சேருமா? அப்படி ஒரு யோசனையே அவனுக்கு வரவில்லை. எங்கள் பக்கத்தில் யாருக்கும் வந்திராது.

பதினைந்து கதிரையும் அரிந்தான். சாமியறையில் பிளாஸ்டிக் தொங்குவது அழகில்லை என்று துண்டுகளை ஒவ்வொன்றாய் அவிழ்த்துக் களிசான் பைக்குள் போட்டான். கதிர்களை ஒன்றாய்ச் சேர்த்து, மாவிலை வைத்துக் கட்டி, மஞ்சள்தண்ணி தெளித்து, சாமிப்படத்துக்கு மேலே தொங்கவிட்டான். மறுநாள் மெசின் வந்து குனியாத்துண்டை வழித்துத் துடைத்துவிட்டுப் போனது.

பூசத்துக்கு முதல்நாள், காலைப் பத்து மணி. கேற்றடியில் கைபேசி அடித்தது.

“அண்ணை, முடிவு வந்திட்டுது.”

“சொல்லுங்கோ தங்கச்சி, எங்கடை நெல்லுக்கு எத்தினை புள்ளி?”

தர்சிகா சிரிக்கவில்லை. “உங்கடை மண்ணிலை ஆர்சனிக் இருக்கு, அண்ணை. பழைய ஆக்கள் பாஷாணம் எண்டு சொல்லுறது. கனக்க இருக்கு. முந்தி அதிலை யாரும் புல்லு மருந்து ஊத்தினவையோ?”

ஏழு பீப்பாய்களும் வரிசையாய் அவன் கண்முன் வந்து நின்றன. “ஓம்” என்றான்.

“அந்த மண்ணிலை நெல்லு சப்பியாகி நிமிர்ந்து நிக்கிறதுதான் வழக்கம். உங்கடை நெல்லு தாங்குது. ஆனால் அண்ணை, நஞ்சைத் தாங்கிறது ஒரு குணம், நஞ்சை மணிக்கு விடாமல் பிடிக்கிறது வேறை குணம். உங்கடை வேலை மாதிரித்தான். கதிருக்குக் கீழை கடைசிக் கணுவிலை ஒரு கேற்று இருக்கு. சில செடிக்கு அந்தக் கேற்றைப் போடுற பரம்பரையலகு, ஜீன் எண்டுறது, நல்லா வேலை செய்யும். அது நஞ்சைக் கணுவிலையே பூட்டி வச்சிடும். சில செடிக்குக் கேற்றுத் திறந்தபடி கிடக்கு. அதுகள் நஞ்சை மணிக்கு அனுப்பிப் போட்டுத் தாங்கள் செழிச்சு நிக்குதுகள்.”

“பாத்தால் தெரியாதோ?”

“தெரியாது. ரெண்டும் ஒரே மாதிரித்தான் குனியும். உங்கடை அப்பா குனிஞ்சதைப் பாத்துப் பாத்து எடுத்தவர். குனியிறது கண்ணுக்குத் தெரியும். கேற்றுத் தெரியாது. ரெண்டாம், ஏழாம், ஒன்பதாம், பதினாலாம் இலக்கம், அந்த நாலும் சுத்தம். அப்பிடியொரு நெல்லை நாங்கள் தேடித் திரியிறம், அண்ணை. மற்றப் பதினொண்டும் சாப்பிடக் கூடாது. அந்த நாலையும் கவனமா வச்சிருங்கோ.”

சுபாஸ்கரன் களிசான் பைக்குள் கை விட்டான். நாலு நாளாய் அங்கேயே கிடந்த துண்டுகள் விரலில் தட்டுப்பட்டன. வெளியே எடுத்துப் பார்த்தான். இரண்டு இருந்தது. ஏழு இருந்தது. ஒன்பதும் பதினாலும் இருந்தன.

“தங்கச்சி, நான் எடுத்திட்டன்.”

“எதை?”

“பதினைஞ்சையும். சாமிக்கு. துண்டுகளை அவிட்டுப் போட்டன்.”

“ஐயோ அண்ணை” என்றாள் தர்சிகா. வயலில் மிச்சம் ஏதும் நிற்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றான். அவள் கொண்டுபோன சின்னக் கதிர்களை அரைத்துப் பொடியாக்கித்தான் ஆய்வு செய்தார்களாம். பிறகு மெல்லச் சொன்னாள்: “பயப்பிடாதையுங்கோ. ஒருநாள் ஒருவாய் சாப்பிட்டு ஒண்டும் வராது. வருசக்கணக்காச் சாப்பிடுறதுதான் கூடாது. அதுகும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை. மனிசரும் நெல்லு மாதிரித்தான், அண்ணை. ஒரு உடம்பு கெதியா வெளியிலை தள்ளும், ஒரு உடம்பு தள்ளாது. அதுகும் பரம்பரையிலை வாறதுதான். நான் அண்டைக்குப் பஞ்சுக்குச்சி எண்டு கேட்டது அதுக்குத்தான்.”

ஒருவாய் சாப்பிட்டால் ஒன்றும் வராது என்றது அவன் காதில் ஏறவேயில்லை. தொங்குகிற கதிரில் இருந்து மணி உருவி, குழந்தையின் சோற்றுக்குக் குத்தி வைக்க வேண்டும் என்று உதயகலா காலையில் சொன்னதுதான் தலைக்குள் நின்றது. அவளுக்கு அழைத்தான். எடுக்கவில்லை. திரும்ப அழைத்தான். எடுக்கவில்லை. மாற்று ஆள் டினேஸ் வர இரண்டு மணி ஆகும். கேற்றைத் திறந்தபடி விட்டுவிட்டு எப்படிப் போவது? கொழும்பில் இருந்து வருகிற ரயிலுக்குத் தடியை இறக்கினான். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் காத்து நின்றவர்களோடு அவன் வாய் திறக்கவில்லை. ரயில் போகிற காற்றில் அறுத்த வயலின் அடித்தாள்கள் எல்லாம் அவன் பக்கம் சரிந்து நிமிர்ந்தன.

டினேஸ் வந்ததும் சைக்கிளில் மிதித்த மிதியில் வீடு வந்து சேர்ந்தான். உதயகலா சுளகோடு இருந்தாள். குழந்தை பாயில் கிடந்து காலை உதைத்தது. சாமியறையில் பதினைந்து கதிரும் மின்விசிறிக் காற்றில் ஒரே சீராய்த் தலையாட்டிக்கொண்டிருந்தன. ஒரு மணியும் குறையவில்லை. சுளகில் இருந்தது போன வருடத்து அரிசி. அதுவும் குனியாத்துண்டு அரிசிதான்.

“உந்த அரிசியை விடு, கலா” என்று சுளகைப் பறித்தான். நடந்ததைச் சொன்னான். முதலில் அவளுக்குக் கோபம் வந்தது.

“உங்களுக்கென்ன விசரே? பதினொரு வருசமா இதைத்தானே தின்னுறம். எனக்கும் உங்களுக்கும் என்ன வந்தது?” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். குழந்தையைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. “இஞ்சாருங்கோ, ரெண்டு தரம் தங்காமல் போச்சே. அதுகளும் இதாலையோ?”

சுபாஸ்கரன் கைபேசியை எடுத்தான். தர்சிகாவுக்கு அழைத்துக் கேட்டான். அப்படித்தான் என்றும் சொல்ல ஏலாது, இல்லை என்றும் சொல்ல ஏலாது என்றாள். தாய்ப்பாலில் அவ்வளவாய் இறங்காது, பிள்ளைக்குப் பயமில்லை என்றாள். உதயகலா குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். பதினொரு வருடத்துக்கு வைத்திருந்த அழுகை அது.

பின்னேரம் சுபாஸ்கரன் சாவகச்சேரிக்குப் போனான். நஜீமின் அரிசிக் கடைக்கு அவன் நெல் விற்கப் போயிருக்கிறானே தவிர, வாங்கப் போனதில்லை.

“என்ன சுபாஸ் அண்ணை, புதுநெல்லு வந்திட்டுதோ?”

“பச்சையரிசி ஒரு கிலோ தாங்கோ. பிள்ளைக்கு நாளைக்குச் சோறு தீத்துறம்.”

நஜீம் பகிடி என்று நினைத்துச் சிரிக்க வாயெடுத்தவன், முகத்தைப் பார்த்துவிட்டு அடக்கிக்கொண்டான். பழுது பொறுக்கி, இருந்ததிலேயே நல்ல அரிசியாய்க் கட்டிக் கொடுத்தான். விதைநெல்லுக்காரன் வீட்டில் கடையரிசியில் முதல் சோறு. அந்தப் பொதி சைக்கிள் கூடையில் குலுங்கியபடி வந்தது. வழியெல்லாம் சுபாஸ்கரனுக்கு வெட்கமும் தகப்பன் மேல் கோபமுமாய் இருந்தது. கோபப்பட்டதற்காகப் பிறகு அழுகையும் வந்தது.

பூசத்தன்று காலை தர்சிகா வந்தாள். அவன்தான் வரச்சொல்லியிருந்தான். அவளுடைய பேராசிரியர் அனுப்பிய சம்மதக் கடிதத்தில் தாயும் தகப்பனும் கையெழுத்து வைத்தார்கள். தொங்குகிற கதிர்களை அவள் கீழே இருந்து கனநேரம் பார்த்தாள். எவை அந்த நாலு என்று அவளுக்கும் தெரியவில்லை. இவற்றையும் அரைத்துப் பார்த்தால் விதைக்கு ஒரு மணியும் மிஞ்சாது. ஐப்பசியில் ஒவ்வொரு கதிரையும் ஒவ்வொரு வரியாய் விதைத்து, திரும்ப ஆய்வு செய்தால் நாலையும் கண்டுபிடிக்கலாம் என்றாள். அதையும் குனியாத்துண்டிலேயே விதைக்க வேண்டும். நஞ்சு இருக்கிற மண்ணில்தான் கேற்று இருக்கிறதா என்று தெரியும்.

“ஒரு வருசம் பொறுக்க வேணும், அண்ணை.”

“பொறுக்கிறன்” என்றான் சுபாஸ்கரன்.

பஞ்சுக்குச்சியைச் சோறு தீத்த முன்னம் எடுக்க வேண்டும், வாயில் வேறொன்றும் இருக்கக் கூடாது. முதலில் அவனுக்கு, பிறகு உதயகலாவுக்கு. மிதுசிகா தாயின் மடியில் பட்டுச்சட்டையோடு இருந்தாள். ஏதோ தின்னத் தருகிறார்கள் என்று நினைத்து ஆவென்று வாயைத் திறந்தாள். தர்சிகா கன்னத்துக்குள் மெல்லத் தடவி எடுத்தாள். பிறகுதான் உதயகலா பாற்சோற்றை விரல் நுனியில் எடுத்து வைத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து, சப்பி, விழுங்கி, திரும்பவும் வாயைத் திறந்தது. எல்லோரும் சிரித்தார்கள். சுபாஸ்கரன் குழந்தையின் கையைப் பிடித்து விரித்துப் பார்த்தான். வெள்ளை வெளேரென்று, ஒரு புள்ளி இல்லை. தன் கையைப் பார்த்தான். அதிலும் இல்லை. தகப்பனுடைய கையிலும் இந்த வயதில் இருந்ததில்லை. இவள் யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள்? என்னைக் கொண்டா, அப்பாவைக் கொண்டா? மூக்கு அப்பாவுடையது என்று ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டது அவனுக்கு நினைவு வந்தது.

தர்சிகா குச்சிகளைக் கண்ணாடிக் குழாய்களுக்குள் போட்டு மூடினாள். பட்டியலில் கதிர்கள் பதினைந்தோடு முடிந்திருந்தன. அவள் அதன் கீழேயே தொடர்ந்தாள். தகப்பன் பதினாறு, தாய் பதினேழு, பிள்ளை பதினெட்டு.

“தங்கச்சி, பிள்ளைக்குப் பேரை எழுதேலாதோ? மிதுசிகா எண்டு?”

“பேர் எழுதக் கூடாது, அண்ணை. இலக்கம் மட்டும்தான் போடலாம்.”

சுபாஸ்கரன் கையை நீட்டி அந்தக் குழாயை வாங்கினான். அதில் பதினெட்டு என்று எழுதி ஒட்டியிருந்த மஞ்சள் துண்டைப் பெருவிரலால் அழுத்தினான். திருப்பி அழுத்தினான். ஓரம் ஓரமாய்ச் சுற்றிவர அழுத்தினான். தலைக்கு மேலே பதினைந்து கதிரும் இலக்கம் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தன.

“கழராதே?”

“கழராது, அண்ணை.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்கோ தங்கச்சி” என்றான் அவன், குழாயைக் கையை விட்டுக் கொடுக்காமல். “கழராதே?”